அறுபது அடிக்கு அப்பால் தெரியும் எழுத்து

பதினொரு மணிக்கு ஆய்வேட்டு வைவா என்றார்கள், மணி பதினொன்றரையைத் தாண்டிவிட்டது, வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் உள்ளே இன்னும் வடையும் காப்பியும் சாப்பிட்டு முடித்தபாடில்லை, செண்பகவல்லி கருத்தரங்க அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ச்சுவரில் தொங்கிய அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள். படித்தாள் என்பதும் பொய்தான், எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடுதிக் கட்டணம் பற்றி ஏதோ அறிவிப்பு. எழுதியவர் கம்ப்யூட்டரில் கைக்குக் கிடைத்த முதல் எழுத்தை எடுத்து, தடியாக்கு என்று ஒரு பொத்தானை அமுக்கியிருக்கிறார். அமுக்கினால் ஆயிற்றா? கட்டணத்தில் வரும் ண-வைப் பார்த்தால் பாவமாக இருந்தது, மூன்று சுழியும் அடைத்துக்கொண்டு கரிக்கட்டை மாதிரி நின்றது. மெலிந்த எழுத்துக்குச் சோறு போட்டு வளர்த்தால் தடித்த எழுத்து கிடைத்துவிடாது, கறுப்பு கூடக்கூட உள்ளே இருக்கும் வெள்ளையைக் காப்பாற்ற வேண்டும், அதுதான் வேலை என்று அவள் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் எழுதியிருந்தாள். காப்பாற்ற வேண்டும். எழுதும்போது என்ன தெம்பு. இரண்டு வருடம் அந்த ஒரே எழுத்துருவோடு கிடந்தாள். தூண் என்று பேர் வைத்தாள். கோடு முடிகிற இடத்தில் எல்லாம் ஒரு பாதம், செரிஃப் என்று வெள்ளைக்காரன் சொல்வது, தூணுக்கு அடியில் கல் விரிந்து நிற்குமே அந்த மாதிரி. தமிழுக்குப் பாதம் ஒட்டாது, ஓலையில் எழுத்தாணியால் கீறி வந்த எழுத்து, வளைந்துதான் போகும் என்று போன வருடக் கருத்தரங்கில் ஒரு பேராசிரியர் சொன்னபோது, இவள் எழுந்து, ஐயா ஓலைக்கு முன்னால் கல் என்று ஒன்று இருந்ததே அதை யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். பேராசிரியரும் சிரித்தார், சிரித்துவிட்டு, இந்தப் பொண்ணு எதுக்கும் பதில் வச்சிருக்கு என்றார். எதற்கும் பதில் வைத்திருந்தாள். அது போன வருடம். இப்போது உள்ளங்கை இரண்டும் பிசுபிசுத்தன, துப்பட்டாவில் துடைத்தாள், மறுபடி பிசுபிசுத்தன, கீழே படிக்கட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் அன்னக்கொடி அக்கா நின்றுகொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்ததும் மறுபடி ண-வுக்கே ஓடினாள்.

ண-வில்தான் எல்லாம் தொடங்கியது. எழுத்துருவைச் சோதிக்க ஒரு சொல் வேண்டும், எங்கே தடுக்கிறது என்று அந்தச் சொல்லே காட்டிக்கொடுக்க வேண்டும், சுழியும் வேண்டும் கொக்கியும் வேண்டும் புள்ளியும் வேண்டும் என்று தேடி அவள் பிடித்த சொல் காணவில்லை என்பது. ண இருக்கிறது, வி-யின் கொக்கி இருக்கிறது, ல் இருக்கிறது, லை இருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்? நோட்டுப் புத்தகம் முழுக்கக் காணவில்லை காணவில்லை என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்து விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி, ஏட்டி உனக்கு என்னதான் தொலைஞ்சுது, சொல்லு தேடித் தாரேன் என்று கிண்டல் செய்தாள். ஜெயபால் அண்ணாச்சியின் அச்சுக் கடையில் சோதனைப் படி எடுக்கப் போவாள், அண்ணாச்சி தாள் தருவார், பதிலுக்கு இவள் அவருக்குக் கல்யாண வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும் கோத்துக் கொடுப்பாள், இரண்டு பேருக்கும் சௌகரியம். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, மத்தியானம், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கடைக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். தங்கச்சி மகளைக் காணோம், மூணு நாளாச்சு என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோடு போட்ட தாளில் கையால் எழுதிக் கொண்டுவந்திருந்தார். பெயர் இலக்கியா, வயது இருபத்தொன்று, மாநிறம், பச்சைச் சுடிதார். கடைசி வரியாக, பொடி எழுத்தில், மனநிலை சரியில்லாதவர். இவளுக்கு நெஞ்சு உருகிவிட்டது. உருகினதோடு நின்றிருக்கலாம். உருகின கையோடு வேலையையும் பார்த்தாள், தன் எழுத்துக்கு முதன்முதலாக நிஜமான ஒரு வேலை வந்திருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு குதி குதித்ததை இப்போது யாரிடம் போய் மறைக்க? காணவில்லை என்ற சொல் தாளின் முழு அகலத்துக்கு நின்றது. இலக்கியாவின் இ, மூன்று வாரம் அடித்து அடித்துத் திருத்திய இ, அவ்வளவு அம்சமாக உட்கார்ந்தது. அந்த மனிதர் மானிட்டரில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, தாயி, ரோட்டுல போறவன் கண்ணுல படுமா என்று கேட்டார். அண்ணாச்சி, நம்ம பிள்ள பண்ணுன எழுத்துய்யா, பஸ்ஸுல போறவன் எறங்கி வந்து படிப்பான் என்றார். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். யாரும் கேட்காமல் சொன்னாள். அந்தக் கடைசி வரியை எதுக்கு அடியில போடுதீங்க, படத்துக்கு நேர் கீழ பெரிசாப் போடுவோம், இல்லாட்டி பார்க்கிறவங்க அவகிட்டப் போய் ஊரு பேரு விசாரிச்சுக்கிட்டு நிப்பாங்க, அவ மிரண்டு ஓடிருவா, இதைப் படிச்சாங்கன்னா பேச்சை வளர்க்காமப் பிடிச்சு உக்கார வச்சிருவாங்க. அவர் இவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று இத்தனை நாளாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், அன்றைக்கு நன்றி என்று எடுத்துக்கொண்டாள். நீ சொல்லுததுதான் சரி தாயி, பெரிசாவே போடு என்றார். போட்டாள். தூணின் ஆகத் தடித்த எடையில், நூற்றைம்பது புள்ளி அளவில், மனநிலை சரியில்லாதவர். கடை வழக்கப்படி அண்ணாச்சி சின்னதாக எடுத்த ப்ரூஃப் தாளை நீட்டினார், அச்சுக்குப் போனபிறகு பிழை என்று யாரும் வந்து சண்டைக்கு நிற்கக்கூடாதே, வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும். அவர் பேனாவை வாங்கி, படித்தேன் சரி என்று எழுதி, தலைப்பெழுத்தோடு முழுப் பெயரையும் போட்டு, அடியில் போன் நம்பரும் தேதியும் போட்டார். எடுப்பா இருக்கு தாயி என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ப்ரூஃபை இவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆய்வேட்டில் ஒட்ட.

ஆயிற்று, மூன்றாம் நாளே பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று அண்ணாச்சி போன் பண்ணினார், பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்டில் பழக்கடைக்காரர் ஒருவர் போஸ்டரைப் படித்துவிட்டுத் தகவல் சொல்லியிருக்கிறார், உன் எழுத்து ஜெயிச்சிட்டுதுட்டி. ஜெயித்துவிட்டது. மறுநாள் காலை பஸ் பிடித்து அங்கே போனாள், பையில் கேமராவும் அளவு டேப்பும். எந்தப் பைத்தியமாவது டேப்பை எடுத்துக்கொண்டு போகுமா என்று இப்போது பல்லைக் கடித்தாள், கடித்த பிறகு பைத்தியம் என்ற சொல் வாயில் கசந்தது. போஸ்டர் எதிர்ச்சுவரில் இருந்தது. கடையிலிருந்து சுவருக்கு அறுபது அடி. பழக்கடைக்காரர் நல்ல மனிதர், கொய்யாப்பழம் வெட்டிக் கொடுத்தார், இங்கேருந்தே படிச்சேன்மா, கண்ணாடி கூட மாட்டலை, நீ பண்ணுன எழுத்தா, ராசாத்தி, நல்லா இரு என்றார். பிள்ளை பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்துச்சு, நான் போனைப் போட்டேன், அவங்க பக்கத்துலயேதான் தேடிக்கிட்டு இருந்திருக்காங்க, கார்ல வர அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு, அதுவரைக்கும் நானும் இன்னொரு ஆளும் கையைப் பிடிச்சு இந்த பெஞ்சிலதான் உக்கார வச்சிருந்தோம், ஏதேதோ சொல்லிக் கத்துச்சு, பாவம், அதான் மனநிலை சரியில்லைன்னு பெரிசாப் போட்டிருந்துச்சே. ஏதேதோ சொல்லிக் கத்தினாள். என்ன சொல்லிக் கத்தினாள் என்று செண்பகவல்லி கேட்கவில்லை. அண்ணே, இந்த டேப்போட நுனியைக் கொஞ்சம் பிடிங்க என்றாள். அதுதான் அவள் கேட்டது. எதையும் கேட்காமல் விட மாட்டாள் என்று பெயர் எடுத்தவள், பேராசிரியரையே மடக்கியவள், வகுப்பில் வாயாடி, பஸ்ஸில் கண்டக்டரிடம் நியாயம் பேசுகிறவள், அன்றைக்கு டேப்பின் நுனியைப் பிடிக்கச் சொன்னாள். திரும்பி வந்து, செய்தியின் வரிசைமுறை வாசகரின் நடத்தையை நேரடியாகப் பாதித்தது என்று எண்பத்தைந்தாம் பக்கத்தில் எழுதினாள். இலக்கியா கத்தியதைப் பதற்றநிலை என்று எழுதினாள். ஆய்வேடு பைண்டிங்குக்குப் போயிற்று, சமர்ப்பித்தாள், விடுதியில் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் டீக்கடையில் பழைய பேப்பரில் மடித்துக் கொடுத்த பஜ்ஜியைத் தின்றுவிட்டு, கை துடைக்கப் போன இடத்தில் அந்த நாலு வரி. வயிற்று வலி தாங்காமல் இளம்பெண் தற்கொலை. இலக்கியா, இருபத்தொன்று. எத்தனை பெண்களுக்குத்தான் இந்த ஊர்ப் பக்கம் வயிற்று வலி வருகிறது? எந்த டாக்டரிடமும் காட்டாத வலி, விடிவதற்குள் எரித்துவிடுகிற அவசரமான வலி. படிக்கிறவனுக்கும் தெரியும், எழுதினவனுக்கும் தெரியும், நாலு வரிக்கு மேல் போகாது. எண்ணெய் ஊறின தாளில் அந்த இ-யைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மெலிந்த எழுத்து, பாதமில்லாத எழுத்து, எட்டு புள்ளி.

அன்னக்கொடி அக்கா வந்தது போன வியாழக்கிழமை. கடைக்குள் வந்து, கிழிந்த ஒரு துண்டுத் தாளை அண்ணாச்சி மேசையில் வைத்தாள். போஸ்டரின் அடிப்பகுதி, அச்சுக் கடையின் பேரும் நம்பரும் மட்டும் மிஞ்சியிருந்தது. முப்பது வயதிருக்கும், தீப்பெட்டி ஆபீஸ் வேலை, கை விரலெல்லாம் மருந்து ஏறிக் கறுத்திருந்தது. இதை அடிச்சுக் கொடுக்கச் சொன்னது யாருன்னு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி, வேற ஒண்ணும் வேண்டாம். அண்ணாச்சி அந்தத் துண்டைத் தொடவே இல்லை. தினம் ஆயிரம் பேர் வாரான் போறான், எனக்கு என்னம்மா தெரியும் என்றார். அவள் திரும்பிப் போனாள். இவள் பின்னாலேயே ஓடி, மருந்துக் கடை வாசலில் பிடித்து நிறுத்திக் கேட்டாள், அக்கா, நீங்க இலக்கியாவுக்கு என்ன வேணும்? நாத்தனார், என்றாள் அவள். அந்த ஒரு சொல்லில் எல்லாம் விளங்கிவிட்டது. அக்காவின் தம்பி மாரிச்செல்வமும் இலக்கியாவும் கோயிலில் மாலை மாற்றி ஐந்து நாள், பதிவுக்குத் தேதி வாங்கியிருந்தார்கள், அன்றைக்கு இவன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனவன் திரும்பி வந்தபோது கூட்டம், கார், அடி. இப்போது பெரியாஸ்பத்திரியில் தாடையைக் கம்பி கட்டிப் போட்டிருக்கிறார்கள், பேச்சு வராது, எழுதித்தான் காட்டுகிறான். அவ என்ன சொல்லிக் கத்துனா தெரியுமா, என்றாள் அக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன், எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு, எங்க வீட்டுக்காரர் வாரதுவரைக்கும் பொறுங்கன்னு கத்துனாளாம், ஒருத்தன் காதுல வாங்கலையாம். இவள் கேட்டாள், ஸ்டேஷன்ல என்ன சொல்லுதாங்க? அவங்க வீட்டாளுக, பிள்ளை எங்கேயும் போகல, நாங்க யாரையும் தேடவும் இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. ஒட்டுன போஸ்டரை எல்லாம் ஒரே நாள்ல சுரண்டிட்டாங்க. செல்போன்ல இருக்கிற படத்தைக் காட்டுனா, இது நீங்களே பண்ணுனது, யாரு வேணாலும் பண்ணலாம்ங்காங்க. பழக்கடைக்காரர் எனக்குப் படிக்கவே தெரியாதுங்காரு. அப்போது இவள் சொன்னாள், எங்கிட்ட ப்ரூஃப் இருக்குக்கா, அவரு கையெழுத்துப் போட்டது. எப்படி உங்ககிட்ட? ஆய்வுக்கு எடுத்து வச்சேன். அவ்வளவுதான் சொன்னாள். எழுத்து யாருடையது, அந்த வரியைப் பெரிசாக்கியது யார், ஒன்றும் சொல்லவில்லை. அக்கா இவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த ஈரம் இன்னும் புறங்கையில் இருக்கிற மாதிரிதான் இருந்தது, துப்பட்டாவில் துடைத்தாள், எதைத் துடைக்கிறோம் என்று சட்டென்று உறைத்து நிறுத்தினாள்.

கையெழுத்துள்ள அசல் ஒட்டியிருப்பது ஒரே படியில். துறையின் வழக்கம் அது, மூன்று படி கட்ட வேண்டும், முதல் படியில் அசல், மற்ற இரண்டில் நகல். முதல் படி இப்போது உள்ளே தேர்வாளர் மேசையில் இருக்கிறது, காப்பித் தம்ளருக்குப் பக்கத்தில். நேற்று வத்சலா மேடத்திடம், அவளுடைய கைடு, எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்கள், நல்ல மனசு உள்ளவர்கள், அதில் சந்தேகமில்லை. இங்க பாரும்மா, எக்ஸ்டெர்னல் முன்னாடி இதை எடுக்காதே, வைவா முடியட்டும், திருத்தத்துக்குன்னு அந்தப் படியை நான் வாங்கிடுறேன், அப்ப அந்தப் பக்கத்தை எடுத்துட்டு வேற உதாரணம் ஒட்டிக்கலாம். எடுத்த பக்கம் என்னாகும் மேடம்? மேடம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். உன் அப்பா பேரு, ஊரு, எல்லாம் ஆய்வேட்டு முதல் பக்கத்துல இருக்கும்மா, என்றார்கள். அது அந்த மனிதர் கையில் கிடைத்தால்? அந்த மனிதர் அண்ணாச்சிக்கு போன் பண்ணிவிட்டார் என்று தெரியும், தாள் கீள் ஏதும் கிடக்கா என்று கேட்டிருக்கிறார், அண்ணாச்சி கம்ப்யூட்டரையே துடைத்துவிட்டார், இவளைக் கூப்பிட்டு, நீயும் மறந்துரு, உனக்கும் ஒரு தங்கச்சி இருக்காள்லா என்றார், பயமுறுத்தியதாகவும் எடுத்துக்கொள்ளலாம் அக்கறை என்றும் எடுத்துக்கொள்ளலாம். கண்ணை மூடினால் தாயி என்ற குரல் கேட்டது. அவ்வளவு இதமான குரல். அந்தக் கண்ணீர் நிஜம்தானே? அதுதான் பயமாக இருந்தது, அது நிஜமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இவள் தனக்காகவும் வாதாடிப் பார்த்தாள், வாதாடத் தெரியாதா அவளுக்கு. எழுத்து என்ன பண்ணும்? கத்தி செய்தவன் மேல் கேஸ் போடுவார்களா? கல்லூரிப் பட்டிமன்றத்தில் இதே வாதத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறாள், கோப்பை வீட்டில் டிவி மேல் இருக்கிறது. கத்தி செய்தவன் எங்கே வெட்டினால் சத்தம் வராது என்று கூடவே சொல்லிக்கொடுக்கவில்லையே. அந்த மனிதர் அந்த வரியைப் பொடியாகத்தான் எழுதியிருந்தார். அவருக்குக் கூட அதைப் பெரிசாக்கத் தோன்றவில்லை. பொடியாகவே விட்டிருந்தால் அறுபது அடியிலிருந்து பழக்கடைக்காரர் பெயரை மட்டும் படித்திருப்பார், கிட்டே போய், ஏம்மா இலக்கியா என்று கேட்டிருப்பார், அவள் சொல்லியிருப்பாள், ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம் காது கொடுத்திருப்பார்கள், அதற்குள் அவன் தண்ணீர் பாட்டிலோடு வந்திருப்பான். வந்திருப்பானா? வந்தாலும் போன் போட்டிருக்கமாட்டார்களா? போட்டிருக்கலாம். போடாமலும் இருந்திருக்கலாம். அந்த இருந்திருக்கலாமில் போய் முட்டி, திரும்பி, மறுபடி நூற்றைம்பது புள்ளிக்கு வந்து நின்றாள். வைவா முடியட்டும், பட்டம் வரட்டும், பெங்களூரில் ஒரு எழுத்துரு நிறுவனம் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது, அங்கே போன பிறகு தபாலில் அனுப்பலாம் என்று ஒரு குரல். அனுப்ப எது இருக்கும், வேற உதாரணம் ஒட்டியிருப்பார்கள். நாளை காலை வக்கீல் மனுப் போடுகிறார், இன்றைக்கு அந்தத் தாள் கைக்கு வந்தால்தான் உண்டு என்று அக்கா காலையில் சொன்னாள். வற்புறுத்திக்கூடச் சொல்லவில்லை. தங்கச்சி, உங்க பரீட்சை முடியட்டும், நான் நிக்கேன் என்றாள்.

செண்பகவல்லி என்று உள்ளிருந்து மேடம் கூப்பிட்டார்கள். உள்ளே குளிர்ந்து கிடந்தது, தேர்வாளர் கையைத் துடைத்துக்கொண்டே, வாங்கம்மா, உக்காருங்க என்றார், முகம் மலர்ந்திருந்தது, முதல் படி அவர் முன்னால் விரிந்திருந்தது, தலைகீழாகப் பார்த்தாலும் எந்தப் பக்கம் என்று தெரிந்தது, அப்படித் தெரியும்படிதானே செய்திருக்கிறாள். முப்பது வருஷமா எத்தனையோ ஆய்வேடு பார்க்கிறேன், எல்லாரும் எழுத்து அழகுன்னுதான் எழுதுவாங்க, அது வேலை செஞ்சதான்னு களத்துக்குப் போய் அளந்து பார்த்தது நீங்க ஒருத்திதான், என்றார் அவர். எத்தனை அடியிலிருந்து படிச்சார்னு சொன்னீங்க? அறுபது அடி சார். கண்ணாடி இல்லாமலா? இல்லாமத்தான் சார். அப்புறம்? போன் பண்ணாரு சார். பலே, அப்புறம்? மேடம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அப்புறம் என்று இன்னொரு முறை கேட்டார், கதை கேட்கிற ஆவலோடு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு. அப்புறம் அவ வீட்டாளுக வந்து கூட்டிட்டுப் போனாங்க, நாலாம் நாள் அவ செத்துட்டா, என்றாள் செண்பகவல்லி. குரல் தன்னுடையது மாதிரியே இல்லை, சண்டை போடுகிற குரலாகவும் இல்லை. எட்டி ஆய்வேட்டை மூடி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். மேடம் மெதுவாக, செண்பகம், வச்சிரு, என்றார்கள். தேர்வாளர், எதற்கு இதெல்லாம், இது ஆய்வுக்கு வெளியே உள்ள விஷயமாச்சே என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். வெளியே எது சார், உள்ளே எது சார் என்று கேட்டிருக்கலாம், நாக்கு நுனியில் இருந்தது, கேட்கவில்லை, கேட்டு ஜெயித்துவிட்டால் அதோடு முடிந்துபோகும் என்று தோன்றியது. கதவைத் திறந்துகொண்டு படியிறங்கினாள். 

சைக்கிள் ஸ்டாண்டில் வெயில் கொளுத்தியது. அன்னக்கொடி ஆய்வேட்டை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்து, இவள் சொன்ன எண்பத்து நாலாம் பக்கத்தை விரித்தாள். முதலில் படத்தைப் பார்த்தாள், கல்லூரி அடையாள அட்டைப் படம், சிரிக்காத முகம். பிறகு கையெழுத்து, பெயர், நம்பர், தேதி, ஒவ்வொன்றின் மேலும் கறுத்த விரலை வைத்துப் பார்த்தாள். இதேதான், இதேதான், என்று தனக்குள் சொன்னாள். விரல் மேலே ஏறி, படத்துக்கு நேர் கீழே வந்து நின்றது. அந்த வரியின் நீளம் முழுக்க விரல் போய்த் திரும்பி வந்தது.

“இதை இம்புட்டுப் பெரிசாப் போடச் சொன்னதும் அந்தாளுதானா?”

ஆமாம் என்று சொல்லலாம். அவரும்தான் சரி என்றார், பெரிசாவே போடு என்றார், கையெழுத்தே போட்டிருக்கிறார், பொய்யில்லை.

“இல்லக்கா. நான்தான். அவரு சின்னதாத்தான் எழுதிட்டு வந்தாரு. நான்தான் பெரிசாக்குனேன். எழுத்தும் என்னோடதுதான்.”

அன்னக்கொடி நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்து இவள் நின்றாள், எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக, ஒருவேளை அதற்காகவே சொன்னாளோ என்னவோ. அக்கா புத்தகத்தை மூடி, கொண்டுவந்திருந்த துணிப்பைக்குள் தள்ளி, பையின் காதை முடிச்சுப் போட்டாள்.

“இதை வக்கீல்கிட்டயும் சொல்லுவீங்களா?”

“சொல்லுதேன்.”

“அவன்கிட்டயும் சொல்லணும். ஆஸ்பத்திரியில. அவனால திருப்பி ஒண்ணும் பேச முடியாது.”

செண்பகவல்லி தலையை ஆட்டினாள். அன்னக்கொடி பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள், வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை, இவள் பத்தடி பின்னால் நடந்தாள், அந்தப் பத்தடியைக் குறைக்காமல்.